டிப்ளமோ கேட்டேன், அதற்குரிய கூலி கொடுக்கவில்லை

ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பில் பல வருடம் இருந்தேன். காகிதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் செய்தது அநியாயம்.

லைனில் வேலை இவ்வளவுதான்: வரும் பாகத்தில் நான்கு போல்ட்டை வைத்து, டார்க் கன்னால் முறுக்கி, பச்சை விளக்கு எரிந்ததும் அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். பத்தாவது படித்தவர் ஒரே வாரத்தில் பழகிவிடுவார். நான் அதற்கு டிப்ளமோ மெக்கானிக்கல் கேட்டேன், அதுவும் அரியர் இல்லாமல். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பையன்கள் பத்தாவது மார்க் ஷீட்டோடு கேட்டுக்கு வந்தால் செக்யூரிட்டியைக் கொண்டே திருப்பி அனுப்பினேன். உள்ளூர்க்காரர்கள் ஒன்றுகூடிக் கேள்வி கேட்பார்கள் என்ற பயம் நிர்வாகத்துக்கு. எனக்கும்தான்.

எடுத்தவர்களுக்காவது படிப்புக்கேற்ற கூலி கொடுத்தேனா? அப்ரண்டிஸ் என்று சேர்த்தேன். 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி ஆகமாட்டார், பி.எஃப். கிடையாது. 2019இல் திருத்திய விதி, குறைந்தபட்ச உதவித்தொகையாக ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை படித்தவருக்கு மாதம் 5,000 ரூபாய் வைத்தது. டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. 16 வருடம் படித்த இன்ஜினியருக்கும் ஐந்தாவதோடு நின்றவருக்கும் வித்தியாசம் 4,000 ரூபாய். அதே லைனில் ஐ.டி.ஐ. படித்த மூத்த பிட்டர் பர்மனன்ட் என்பதால் பல மடங்கு வாங்கினார். உள்ளே விடுவதற்குப் படிப்பைப் பார்த்தேன். சம்பளம் போடும்போது மறந்தேன்.

நகையை அடகு வைத்துப் பாலிடெக்னிக் படிக்க வைத்த ஒரு அப்பா மகனோடு வந்து, "சார், பர்மனன்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். "தம்பி நல்லா வேலை செஞ்சா பார்க்கலாம்" என்றேன். யாரையும் நிரந்தரமாக்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை. காலம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச் எடுத்தேன். போல்ட் முறுக்கிய அனுபவத்தை வைத்து அந்தப் பையன் டிப்ளமோவுக்குரிய வேலைக்குப் போக முடியாது என்று தெரிந்தே கைகுலுக்கினேன்.

பிள்ளைக்கு வேலைக் கடிதம் வந்தால், தொழிலாளியாக எடுக்கிறார்களா, அப்ரண்டிஸாகவா, காலம் முடிந்ததும் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் "பார்க்கலாம்" என்றால் நம்பாதீர்கள். நான் அப்படிச் சொன்ன ஒருவரைக்கூட பர்மனன்ட் ஆக்கவில்லை.