மைதானத்தில் பயிற்சியாளர், வீட்டில் தந்தை



கோடை விடுமுறை பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி; பெற்றோருக்கோ பெருங்கேள்வி. பள்ளிக்கூடம் பூட்டப்பட்ட நாள் முதல் மீண்டும் திறக்கப்படும் நாள் வரை, வளரும் பிள்ளையின் நீண்ட பகற்பொழுதை யார் பொறுப்பேற்பது? முன்பெல்லாம் தெருவும் திடலும் தோப்பும் அப்பொறுப்பை ஏற்றன. இன்று பெரும்பாலான இல்லங்களில் கைப்பேசி ஏற்றுக்கொண்டுவிட்டது.

நான் வசிக்கும் மண்ணூர், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் உள்ள ஊர். 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. அவற்றைச் சுற்றி உதிரிபாக ஆலைகளும் கிடங்குகளும் பெருகின. வயல்கள் மனைகளாயின. தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து வாடகை வீடுகளில் குடியேறின. ஆலைகளில் வேலை மூன்று ஷிப்டுகளாக நடக்கிறது. இரவு ஷிப்டு முடித்து வரும் தந்தை பகலில் உறங்குகிறார். பிற்பகல் ஷிப்டுக்குச் செல்பவர் திரும்பும்போது பிள்ளை உறங்கிவிடுகிறான். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் வாரக்கணக்கில் தந்தையும் மகனும் முகம் பார்த்துப் பேசாத இல்லங்களை நான் அறிவேன். அவர்களை நான் குறை கூறவில்லை. அந்த உழைப்பில்தான் அவ்வீட்டு அடுப்பு எரிகிறது.

நான் மதரஸாவில் பணிபுரிபவன். கல்லூரியில் கலைப்பாடம் பயின்றவன். அந்நாளில் கல்லூரி அணியில் கால்பந்து ஆடியதுண்டு. அந்தச் சிறு முதலை வைத்துக்கொண்டுதான், சில கோடைகளாக எங்கள் பகுதிச் சிறுவர்களுக்குப் பந்து பழக்கி வருகிறேன். ஒன்பது வயது முதல் பதினான்கு வயது வரையிலான இருபத்து மூன்று பேர் இவ்வாண்டு வந்தனர். அவர்களுள் ஒருவன் என் மகன், வயது பன்னிரண்டு. மதரஸா மாணவர்கள் என்னை 'ஹஜ்ரத்' என்பார்கள். மற்றவர்கள் 'சார்' என்பார்கள். மைதானத்தில் என் மகனும் 'ஹஜ்ரத்' என்றே அழைப்பான். வீட்டிற்கு வந்த பிறகுதான் நான் அவனுக்கு 'அத்தா'.

கோடையில் என் ஒரு நாளைச் சொல்கிறேன். சுப்ஹுத் தொழுகைக்குப் பின் மக்தப் வகுப்பு. ஒன்பது மணி முதல் நண்பகல் வரை, பள்ளி மாணவர்களுக்கான விடுமுறைக்கால தீனிய்யாத் வகுப்பு. லுஹர் தொழுது, உணவருந்திச் சிறிது ஓய்வு. அஸர் ஜமாஅத் முடிந்ததும் பந்துப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐந்தேகால் மணிக்குத் திடலில் இருப்பேன். மஃரிப் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பாக விசில் ஊதிவிடுவேன். ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நாள் தவறாமல் கிடைக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது பெரிய பயிற்சியாளர் அன்று. சொன்ன நேரத்தில் வந்து நிற்கும் ஒரு பெரியவர்.

எங்கள் திடல், மனை பிரித்துப் போடப்பட்டு வீடு எழாத வெற்று நிலம். மனைக் கற்கள் ஆங்காங்கே முளைத்திருக்கும். அவற்றின் மீது பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிய பிறகே பந்தை எடுப்போம். உரிமையாளர் வீடு கட்டத் தொடங்கும் நாளில் எங்கள் விளையாட்டும் இடம் பெயர வேண்டும். இந்நிலத்தை நம்பி நீண்ட திட்டம் எதுவும் வகுக்க இயலாது. ஒவ்வொரு கோடையையும் அந்தந்தக் கோடையாகவே நடத்தி வருகிறோம்.

சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்க விரும்பும் பெற்றோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். எடை 410 முதல் 450 கிராம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அது பெரிது. நான்காம் எண் பந்தே ஏற்றது. தலையால் பந்தை முட்டும் பழக்கத்தைச் சிறுவர்களுக்குக் கற்றுத்தர வேண்டாம். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியின்போது அதைக் கற்பிக்கலாகாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020இல் அறிவுறுத்தியது. பதினொருவருக்குப் பதினொருவர் என்று ஆடவிட்டால் வலியவனிடமே பந்து சுற்றும். நால்வருக்கு நால்வர் என்று பிரித்தால் கூச்சமுள்ள பிள்ளையின் காலுக்கும் பந்து வரும்.

கத்திரி வெயிலில் மாலை ஐந்து மணிக்கு முன் ஆடவிடுவது ஆபத்து. பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி நீர் அருந்தச் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து வைத்துக்கொண்டால், வியர்த்துக் களைத்த பிள்ளைக்கு அது கைகொடுக்கும். பேச்சுக் குழறினாலோ, நிலை தடுமாறினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அது வெறும் களைப்பு அன்று. உடனே நிழலில் கிடத்தி உடலை நீரால் குளிர்வித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இவை யாவும் கற்றுக்கொள்ளக் கூடியவை. கற்றுக்கொள்ளக் கடினமான ஒன்று உண்டு. தன் பிள்ளையும் இருக்கும் கூட்டத்திற்குத் தந்தையே பயிற்சியாளராக இருப்பது எப்படி?

இங்கே ஒரு பெருமகனாரை நினைவுகூர விரும்புகிறேன். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். 1909இல் பிறந்தவர்; பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்து, 1951 புதுடெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மீண்டும் தங்கம் என்று நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவர். ஜகார்த்தா இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று நம்மவர்கள் வென்றபோது அவரைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு, 1963 ஜூன் மாதம், அவர் மறைந்தார். வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும், பந்தைத் தானே உருட்டிச் செல்லாமல் உடனுக்குடன் பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் விதி வகுத்துப் போட்டிகள் நடத்தியவர் அவர். அந்த இரண்டு விளையாட்டுகளையும் எங்கள் திடலில் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு அவற்றில் கொள்ளை ஆசை.

1960 ரோம் ஒலிம்பிக்குக்கு ரஹீம் அழைத்துச் சென்ற அணியில் அவருடைய மகன் சையது ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். பெரு நாட்டுக்கு எதிரான ஆட்டத்தில் நம் தமிழகத்துச் சைமன் சுந்தரராஜ் கோல் அடித்தது அந்த ஒலிம்பிக்கில்தான். ஹங்கேரி, பிரான்சு, பெரு என்று மூன்று ஆட்டங்கள் நடந்தன. மூன்றிலும் ஹக்கீம் களம் இறக்கப்படவில்லை. தந்தை பயிற்சியாளர்; மகன் ஆட்டக்காரர்; இடமோ ஒலிம்பிக். இருந்தும் மகன் ஓரத்தில்தான் அமர்ந்திருந்தார். அதற்காக அவர் கால்பந்தைத் துறந்துவிடவில்லை. பின்னாளில் விமானப்படை அதிகாரியாகவும், பன்னாட்டு நடுவராகவும், பயிற்சியாளராகவும் விளங்கினார். 2017இல் தியான்சந்த் விருது பெற்றார், 2021இல் காலமானார்.

இந்த வரலாறு எனக்கு இவ்வாண்டு தேவைப்பட்டது. மே மாதக் கடைசி ஞாயிறன்று பக்கத்து ஊர்ச் சிறுவர்களோடு ஓர் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. தேர்வுக்கு நான் முதல் நாளிலேயே விதி அறிவித்திருந்தேன். வருகைக்கு ஒரு மதிப்பெண், பந்தைப் பிறருக்குக் கொடுக்கும் பழக்கத்திற்கு ஒன்று, ஆட்டத் திறனுக்கு ஒன்று. எல்லாம் ஒரு குறிப்பேட்டில் பதிவாகும். எந்தப் பிள்ளையும் எப்போதும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். நடுக்களத்தில் ஓரிடத்திற்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவன் என் மகன். மற்றவன் கிடங்கில் சுமை இறக்கும் பீகார்த் தொழிலாளி ஒருவரின் மகன். நூலிழை வேறுபாட்டில் அந்தச் சிறுவனே முன்னின்றான். அவனையே எடுத்தேன். ஆட்டம் இறுதிவரை சமநிலையில் இருந்ததால் மாற்றவும் வாய்ப்பு அமையவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

அன்றிரவு என் தாயார் என்னிடம் பேசவில்லை. மகன் மட்டும் கேட்டான்: "அத்தா, நான் உங்க மகன்ங்கறதாலதான் என்னை எடுக்கலையா?"

வாசகர்களே, இந்தக் கேள்வியைச் சற்று எண்ணிப் பாருங்கள். தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுவது அநீதி என்று நாம் அறிவோம். ஊரார் பேச்சுக்கு அஞ்சித் தன் பிள்ளைக்குரியதைப் பறிப்பதும் அநீதியே. இரண்டாவது அநீதி வெளியில் தெரியாது. அதற்கு நல்லவன் என்ற பெயர்கூடக் கிடைத்துவிடும். ஆகவே நான் அறிவுரை எதுவும் சொல்லாமல் குறிப்பேட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். தன் பெயருக்கு நேரே உள்ளதையும் அந்தச் சிறுவனின் பெயருக்கு நேரே உள்ளதையும் கூட்டினான். இரண்டு முறை கூட்டினான். பிறகு மூடி வைத்தான். கண் கலங்கியிருந்தது. ஹக்கீமின் கதையைச் சொன்னேன். "அவருக்கும் அழுகை வந்திருக்கும்ல?" என்றான். "வந்திருக்கும்" என்றேன்.

பயிற்சியாளரின் வேலை குறிப்பேட்டோடு முடிந்துவிட்டது. தந்தையின் வேலை அதன் பிறகே தொடங்கியது. மறுநாள் பயிற்சிக்கு விடுமுறை. மகனை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவிற்குச் சென்றேன். கரும்புச்சாறு அருந்தினோம், அவன் சைக்கிளுக்கு மணி வாங்கினோம். கால்பந்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. இரண்டு நாள் அவன் முகம் வாடியே இருந்தது. மூன்றாம் நாள் எனக்கு முன்பாகவே திடலுக்குச் சென்று, கற்களுக்குச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தான்.

இனி இல்லத்தைப் பற்றி ஒரு சொல். இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு நீர் காய்ச்சி ஆற வைத்தவர், இரு அணிகளையும் பிரித்துக் காட்டப் பழைய துணியில் பட்டைகள் தைத்துக் கொடுத்தவர், செம்மண் படிந்த ஆடைகளைத் துவைத்தவர் என் மனைவி. பயிற்சி தொடங்கிய முதற்கோடையிலேயே அவர் ஒரு பழமொழியை எனக்கு நினைவூட்டினார்: "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்." பிறர் பிள்ளைக்கு நன்மை செய்தால் அந்நன்மை நம் பிள்ளையைக் காக்கும் என்றே நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம். ஊரார் பிள்ளை என்பது வேறொரு வீட்டிலிருந்து வந்த மனைவியைக் குறிக்கும் என்றும் ஒரு விளக்கம் உண்டு; அவளைப் பேணினால் அவள் வயிற்றுப் பிள்ளை தானே வளரும். "நீங்க எந்த அர்த்தத்தை எடுத்துக்கிட்டாலும் சரி, ரெண்டையும் எடுத்துக்குங்க" என்றார்.

அதன்படி எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு வகுத்தோம். வெள்ளிக்கிழமை மாலை பந்து கிடையாது, அது குடும்பத்திற்குரியது. மனைவிக்குத் தையல் வேலை மிகும் நாட்களில் ஆடைகளைத் துவைப்பது என் பொறுப்பும் மகனின் பொறுப்பும். ஒன்பது வயது மகளுக்கும் பந்தில் ஆசை. இஷாவுக்குப் பின் மொட்டைமாடியில் அரைமணி நேரம் அவளுக்கு உரியது. அவளுக்கு இடக்கால் வலிமை. அண்ணனை எளிதில் ஏமாற்றிவிடுகிறாள்.

இரவெல்லாம் வணக்கத்திலும் பகலெல்லாம் நோன்பிலும் மூழ்கி மனைவியை மறந்திருந்த தோழர் அபுத்தர்தாவுக்கு, உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமையை ஸல்மான் பார்ஸி அவர்கள் எடுத்துரைத்ததையும், ஸல்மான் சொன்னது உண்மையே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றதையும் நாம் மதரஸாவில் பாடமாக நடத்துகிறோம். வணக்கத்திற்கே அந்த வரம்பு என்றால், ஊர்ச் சேவைக்கு வரம்பு வேண்டாமா?

காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தார், மௌலானா அபுல் கலாம் ஆஸாத் பெயரிலான அகில இந்தியக் கால்பந்துப் போட்டியைக் கோடைதோறும் பல பத்தாண்டுகளாக நடத்தி வந்துள்ளதை நம்மில் பலர் அறிவோம். அத்தகைய பெரும்போட்டி எல்லா ஊருக்கும் வாய்க்காது. ஒரு பந்தும் ஒரு விசிலும் ஒரு மணி நேரமும் எந்த ஊருக்கும் வாய்க்கும்.

ஷிப்டு வேலை பார்க்கும் தந்தையர்க்கு நாள்தோறும் வர இயலாது என்பது உண்மையே. எங்கள் திடலில் இவ்வாண்டு நான்கு தந்தையர் முறைவைத்து வந்தனர். காலை ஷிப்டு முடித்தவர் திங்களும் செவ்வாயும். ஷிப்டு மாறியதும் மற்றவர். ஒருவருக்குக் கால்பந்து விதி ஒன்றும் தெரியாது. கோலுக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்தைப் பொறுக்கிப் போடுவார். அவர் வரும் நாளில் அவர் மகன் ஆடும் ஆட்டமே வேறு.

அடுத்த கோடைக்கு இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள், எத்தனை தந்தையர், யாருக்கு எந்த ஷிப்டு என்று இப்போதே ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். எழுதும் முன் வீட்டில் கேளுங்கள். அவர்களுக்குரிய மாலையை முதலில் குறித்துவிட்டு, மிஞ்சும் மாலைகளை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.