ஆங்கிலத்திலே அருவருப்பும் சிரிப்பும்

ஆங்கில இலக்கியத்திலே பட்டம் பெற்று, ஆங்கிலத்திலேயே கனவும் காண்பதாகச் சொல்லிக்கொள்ளும் நம்மவர் ஒருவர், மாரிகாலத்திலே ஒழுங்கையால் நடந்து செல்லும்போது சாணத்தை மிதித்துவிட்டாராயின், அவர் வாயிலிருந்து புறப்படுவது 'சீ' என்னும் ஓரெழுத்தேயன்றி ஆங்கிலச் சொல்லன்று. கல்லூரியிலே கற்ற மொழி எத்துணை விரைந்தோடி வந்தாலும் அந்த ஒரு கணத்திலே தாய்மொழியை முந்திக்கொள்ள மாட்டாது. சிரிப்பும் அப்படியே. பிறமொழி நகைச்சுவையைப் பொருள் விளங்கி மெச்சுவதற்கும், கேட்டவுடன் வயிறு குலுங்கச் சிரிப்பதற்கும் இடையே பல ஆண்டு தூரம் உண்டு.

பாடசாலை இலக்கண நூல்கள் காலங்களையும் செயப்பாட்டுவினையையும் ஆண்டுக்கணக்கிற் கற்பிக்கின்றன. அருவருப்பையும் சிரிப்பையும் காட்டும் சிறு சொற்களுக்கோ அரைப்பக்கம் ஒதுக்கி, வியப்பிடைச்சொல் எனப் பெயரிட்டு, பக்கத்திலே ஓர் ஆச்சரியக்குறி இடுக எனக் கூறி அப்பால் நகர்ந்துவிடுகின்றன. ஆயினும் இலண்டனிலோ தொரன்ரோவிலோ சிட்னியிலோ பேரப்பிள்ளை ஒன்றேனும் இல்லாத குடும்பம் இன்று நம்மிடையே அரிது. அப்பிள்ளைகளின் வாயிலிருந்து முதன்முதலாக நம் காதில் விழும் ஆங்கிலம் இந்த அரைப்பக்க ஆங்கிலமே. ஆதலின் அதைப்பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

நம் மூத்த தலைமுறையினர் புத்தகத்தால் ஆங்கிலம் கற்றவர்கள். அவர்கள் அறிந்த அருவருப்புச் சொற்கள் 'ஃபை', 'பிஷ்', 'பா' என்பன. 'ஃபை' பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது; சேக்ஸ்பியரின் நாடகங்களிலே மலிந்து கிடப்பது. அருவருப்போடு கண்டிப்பும் கலந்த சொல்லாதலின் நமது 'சீ'க்கு மிக நெருங்கிய உறவு அதுதான். 'பா' என்பதையோ சாள்ஸ் டிக்கன்ஸ் 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட நத்தார்க் கதையிலே, கருமியாகிய ஸ்குரூஜ் வாயிலே வைத்து உலகப் புகழ் பெறச் செய்துவிட்டார். இன்று எவரேனும் இலண்டன் பஸ்ஸிலே நின்று 'ஃபை' என்பாராயின், அருகிலிருப்பவர் அவரை நாடகக்காரர் என்றே எண்ணுவர்.

இக்காலத்துப் பிள்ளைகளிடம் வழங்குவன வேறு. 'அக்' என வாசிக்கப்படும் ஒரு சொல் உண்டு; அதன் இயல்பான ஒலி தொண்டையிலே உராய்ந்து வரும் காற்றுத்தான். ஆங்கில எழுத்துக்கள் அதனைப் பிடிக்கத் தத்தளிக்கின்றன. நமது ஆய்த எழுத்தை இரவல் கொடுத்தால் நன்றாக எழுதிவிடலாம் என நாம் நினைப்பதுண்டு. இச்சொல் இப்போது அருவருப்பை மட்டும் குறிப்பதில்லை. நாளைக்குச் சோதனை என்றாலும் 'அக்', மழை பெய்தாலும் 'அக்'. அலுப்பும் சலிப்புமே அதன் பொருளாகி வருகின்றன. 'ஈயூ' என்பது உதட்டைப் பிதுக்கிச் சொல்லப்படுவது. அருவருப்பு மிகுந்தால் எழுத்துக்களும் நீளும். 'குறோஸ்' என்பது முன்பு பருத்தது, முரடானது என்னும் பொருளில் வழங்கிய நல்ல சொல். 1950களின் இறுதியிலே அமெரிக்க மாணவர் அதனை 'அரியண்டம்' என்னும் பொருளுக்கு இழுத்துச் சென்றனர். இன்றும் அது திரும்பி வரவில்லை. 'பியூ' என்பது நாற்றத்துக்கும் ஆகும், பெருமூச்சுக்கும் ஆகும். எல்லாவற்றிலும் மழலைக்கு ஏற்றதாய் நிற்பது 'யக்'.

இவை வெறும் ஒலிகளா, சொற்களா என்பது அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்த வினா. மனிதன் இத்தகைய ஒலிகளிலிருந்தே பேசக் கற்றான் எனச் சிலர் கூறியபோது, மாக்ஸ் முல்லர் 1861ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளிலே அதற்குப் 'பூ-பூ'க் கொள்கை எனப் பெயர்வைத்து எள்ளினார். 'பூ' என்பதும் ஆங்கிலேயர் ஒன்றை இகழ்ந்து ஊதித் தள்ளும் சொல்லேயாம். சாள்ஸ் டார்வின் அவ்வாறு எள்ளவில்லை. மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் முறைபற்றி அவர் 1872இல் வெளியிட்ட நூலிலே, வெறுத்ததை வாயாலும் மூக்காலும் ஊதித் தள்ளும் முயற்சியிலே இவ்வொலிகள் பிறப்பதை எடுத்துக்காட்டினார்.

அந்நூலிலே நாம் மறக்கவியலாத ஒரு செய்தி உண்டு. தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியெரா டெல் பியூகோவிலே டார்வின் பதப்படுத்திய இறைச்சியைக் குளிர்ந்தபடியே உண்டுகொண்டிருந்தார். அத்தேசத்தவன் ஒருவன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். அதன் மென்மை அவனுக்கு அருவருப்பாயிற்று. அவன் தொட்டுவிட்டானே என்பது டார்வினுக்கு அருவருப்பாயிற்று. அவன் கையிலே அழுக்கு இருந்ததாகவும் தெரியவில்லை என்று அவரே எழுதுகிறார். ஓர் இறைச்சித் துண்டு, இரண்டு அருவருப்பு. ஒருவனுடையது பண்டத்தின்மேல், மற்றவருடையதோ மனிதன்மேல். அதனை மறைக்காது எழுதிவைத்தது டார்வினின் நேர்மை.

2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலே, உலகின் 131 மொழிகளிலிருந்து நோவு, அருவருப்பு, மகிழ்ச்சி என்பவற்றைக் குறிக்கும் சிறு சொற்களைத் திரட்டி ஒப்பிட்டிருக்கின்றனர். நோவுச் சொற்களிலே அகரம் போன்ற திறந்த உயிரொலி எங்கும் மிகுந்திருக்கக் கண்டனர். நமது 'ஐயோ', 'ஆ' என்பன அந்தக் கூட்டத்திலே தடையின்றிச் சேரும். அருவருப்புக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய சொற்களிலோ அத்தகைய பொதுமை அகப்படவில்லை. நோவு எங்கும் ஒருமாதிரியாகவே கத்துகிறது. முகஞ்சுளிப்பதற்கு ஒவ்வொரு வீடும் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது.

ஆராய்ச்சி கிடக்கட்டும். இச்சொற்களால் ஒரு வீட்டிலே நேர்ந்ததை நாம் நேரிற் கண்டோம். சில ஆண்டுகளின் முன் எமது உறவினர் குடும்பமொன்று இலண்டனிலிருந்து விடுமுறைக்காக யாழ்ப்பாணம் வந்திருந்தது. பேத்திக்கு ஏழு வயது. அம்மம்மாவை நாம் மாமி என்றழைப்போம், எண்பதை அணுகியவர். பேத்தி வந்த மகிழ்ச்சியிலே அவர் ஒடியற்கூழ் காய்ச்சினார். ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்புப் போகப் பிழிந்து, நண்டும் இறாலும் மீனும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் அவித்து, செத்தல்மிளகாய் அரைத்து, பழப்புளி கரைத்து விட்டு, காலை முழுவதும் அடுப்படியிலே நின்றார். முற்றத்திலே எல்லோரும் சுற்றியிருக்க, பிளாவிலே வார்த்துப் பிள்ளையின் கையிற் கொடுத்தார். கூழுக்கு வெளியே ஒரு நண்டுக்கால் நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை அதைப் பார்த்தது; 'யக்' என்றது. ஆங்கிலம் அறிந்தவர்கள் சிரித்தனர். மாமி சிரிக்கவில்லை.

அன்று மாலை திண்ணையிலே அவர் எம்மிடம் கேட்டார்: "தம்பி, பிள்ளை என்னைச் சீ எண்டோ சொன்னது?"

"உங்களை இல்லை மாமி, கூழைத்தான்" என்றோம்.

"கூழை ஆர் காய்ச்சினது?" என்றார் அவர்.

அந்த வினாவுக்கு எந்த அகராதியிலும் விடை இல்லை. 'யக்' என்பது நாவுக்கும் பண்டத்துக்கும் இடையேயுள்ள வழக்கு. மூன்றாம் ஆளை அது இழுப்பதில்லை என ஆங்கிலம் பேசும் பிள்ளை நம்புகிறது. நமது 'சீ'யோ பண்டத்திலே பட்டு ஆளிலே போய்த் தைப்பது. அடுத்தவரை 'சீ' என்றுவிட்டால் அது ஊர்ப் பகையாகவும் முடியும். அதே 'சீ'யை நாணத்தோடும் செல்லத்தோடும் சொல்வதும் உண்டு. அப்போதும் அது ஆளை நோக்கியதுதான். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதலிலே வைத்து, இளிவரலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். அவ்விளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றிலே பிறக்கும் என்றார். அழுகிய பண்டத்தை அவர் அங்கே பேசவில்லை. மனிதர் தாழ்வுறும் நிலையையே பேசினார். எண்பது வயது மாமிக்கு அந்த நான்கில் எது தைத்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இது தெரியாததன்று. ருசியானதைக் கண்டால் அவர்கள் பிள்ளைகள் 'யம்' என்பர். பிறருடைய 'யம்'மை 'யக்' ஆக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவிலே உண்டு. மாமியின் வினாவையே அவர்கள் வேறு விதமாகக் கேட்டிருக்கின்றனர் போலும்.

பிள்ளையின் தாய் அன்றிரவே மகளுக்கு எடுத்துச் சொன்னாள். 'எனக்கு வேண்டாம் அம்மம்மா' என்னும் மூன்று சொற்களைப் பிள்ளை மறுநாள் பாடமாக்கிக்கொண்டது. இரண்டு கிழமை கழிவதற்குள், பூனை ஓர் எலியைக் கௌவிவந்து திண்ணையிலே போட்டபோது மாமி 'யக்' என்றார். பிள்ளை 'சீ' என்றது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தனர்.

சிரிப்பை எழுத்திலே அடைக்கும் முயற்சி ஆங்கிலத்திலே மிகப் பழையது. ஏறக்குறைய 1000ஆம் ஆண்டளவில் வாழ்ந்த எல்ஃப்ரிக் என்னும் துறவி, ஆங்கிலச் சிறுவர்களுக்கு இலத்தீன் கற்பிக்க எழுதிய இலக்கணத்திலே, 'ஹா ஹா', 'ஹீ ஹீ' என்பன இரு மொழியிலும் சிரிப்பைக் குறிக்கும் எனக் குறித்துள்ளார். இன்றைய பாடநூலாசிரியர் விட்டுவிட்டதை ஆயிரம் ஆண்டுகளின் முன் ஒரு துறவி விடவில்லை! பதினான்காம் நூற்றாண்டிலே சோசர் எழுதிய ஆலைக்காரன் கதையிலே, குறும்புக்காரி ஒருத்தி 'ரீ ஹீ' எனச் சிரித்து யன்னலைச் சாத்துகிறாள். லூயிஸ் கரோல் 1871இல், வாய்க்குள் நகைப்பதையும் மூக்கால் செருமுவதையும் குறிக்கும் இரு சொற்களை ஒட்டி 'சோட்டில்' என்றொரு சிரிப்பைப் படைத்தார். அது அகராதியிலே குடியேறிவிட்டது. வஞ்சகத்தோடு அடக்கிச் சிரிப்பதற்கு 'சினிகர்' என்பர். நமது 'கொடுப்புக்குள் சிரிப்பு' அதனிலும் சிறந்தது. சிரிப்பு ஒளித்திருக்கும் இடத்தையே காட்டிவிடுகிறது.

மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எழுத்திலே 'ஹா ஹா' சிரிப்பு. வாயால் அதனைத் தட்டையாக, சொல்லாகவே உச்சரித்தால், உன் பகிடி எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை என்பதே பொருள்.

கைத்தொலைபேசியிலே வரும் 'எல்.ஓ.எல்.' என்பது உரக்கச் சிரிக்கிறேன் என்னும் தொடரின் முதலெழுத்துக்கள். 1980களிலே கணினி வழியாக உரையாடியவரிடையே பரவி, 2011 மார்ச்சு மாதம் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியிலே இடம்பெற்றது. அதற்கு முன்பே, 1960ஆம் ஆண்டளவில், அவ்வெழுத்துக்கள் 'சிறிய வயோதிப மாது' என்பதைக் குறித்ததாகவும் அதே அகராதி கூறுகிறது. பிரித்தானியப் பிரதமராயிருந்த டேவிட் கமரன் அதனை 'மிகுந்த அன்புடன்' என எண்ணித் தம் செய்திகளிலே ஒப்பமிட்டு வந்ததாக, 2012இல் ஒரு விசாரணையிலே சாட்சியம் கூறப்பட்டபோது அந்நாடே சிரித்தது. உண்மையில் அவ்வெழுத்துக்களை எழுதுவோரில் உரக்கச் சிரிப்பவர் எத்தனை பேர்? மொழியியலறிஞர் ஜோன் மக்வோட்டர், அது இப்போது சிரிப்பன்று, 'நான் உன்னோடு இருக்கிறேன்' என்னும் குறியே என்கிறார். கதை கேட்கும்போது இடையிடையே 'ஓம்', 'ம்' என்கிறோமே, அதுபோல. 2015ஆம் ஆண்டின் சொல்லாக ஒக்ஸ்போட் தெரிந்தெடுத்ததோ எழுத்தே இல்லாத ஒன்று: கண்ணீர் வரச் சிரிக்கும் ஒரு வட்ட முகம்.

இறுதியாக, அமெரிக்காவிலே 'யக்' என்பதற்கு இன்னொரு வாழ்வும் உண்டு. மேடைக் கோமாளி சபையோரைச் சிரிக்கவைத்தால் அவன் பெற்ற சிரிப்புக்கும் 'யக்' என்றே பெயர். அருவருப்புச் சொல் அச்சேறியது 1960களில். சிரிப்புச் சொல் அதற்கும் மூத்தது. சிரிப்புக்கு ஓரெழுத்தைக் குறைத்து எழுதுவோர் உளர். எல்லோரும் அவ்வாறு செய்வதில்லை. ஆகவே அமெரிக்காவிலுள்ள பேரன் ஒரு படத்தின் கீழே 'யக்' என்று எழுதி அனுப்புவானாயின், மனம் வருந்துமுன் படத்திலே இருப்பது கூழா கோமாளியா என்று பார்த்துக்கொள்க.