வேலியோரக் காந்தள்

நூலிலே படித்ததை எடுத்துச் சொல்வது எளிது. கண்ணாலே கண்டதைச் சொல்வதுதான் அரிது. கல்லூரியிலே நெடுங்காலம் தமிழ் கற்பித்துவரும் எனக்கு இவ்வுண்மையை உணர்த்தியது ஒரு மாணவனின் சிறு கேள்வியேயாகும்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. அவற்றுள் முதலிலே நிற்பது செங்காந்தள். "நம்மூரிலே கார்த்திகைப்பூ என்று வழங்குவது இதுவே, சிவந்த பூ" என்று வகுப்பிலே கூறினேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "சேர், அது விரியேக்கையே சிவப்போ, பிறகு சிவக்கிறதோ?" என்று கேட்டான். என்னிடம் விடையில்லை. சிறுவயதிலே எத்தனையோ கிளுவை வேலிகளில் அப்பூவைக் கண்டவன் நான். 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே இடம்பெயர்ந்து நடந்த வழியிலும் கண்டேன். கண்டேனேயன்றி, நின்று பார்த்தேனல்லேன்.

அவ்வாரமே அயல்வீட்டார் மதில் கட்டுவதற்காகத் தம் பழைய வேலியை வெட்டினர். ஒரு கதியாலின் அடியிலே காந்தட் கிழங்குகள் இரண்டு கிடந்தன. கலப்பைபோல இரு கவராகப் பிரிந்த வடிவம். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் இதற்கு வந்ததும் அதனாலேயே. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்னையார் திடுக்கிட்டார்.

"தம்பி, உந்த நச்சுக்கிழங்கை ஏன் வளவுக்குள்ளை கொண்டுவாறாய்? சின்னப்பிள்ளை திரியிற வீடல்லோ?"

அவருடைய அச்சம் வீணன்று. உணவுக்குரிய கிழங்கென மயங்கி இதனை உண்டு மாண்டவர்கள் இலங்கையிலே உண்டு. கிழங்கிலே மட்டுமன்றி, விதை முதலிய பிற உறுப்புக்களிலும் கொல்ச்சிசின் என்னும் நஞ்சு உளது. ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக மகளை ஆபத்துக்கு உள்ளாக்கலாமோ என்று என் மனமும் தடுமாறிற்று. ஆயினும், வேலிகளிலே தானாக முளைக்கும் கொடியை எத்தனை நாளைக்கு அவளுக்கு மறைப்பது? அறியாமல் அணுகுவதிலும் அறிந்து விலகுவதே நன்று என்று அன்னையாருக்கு எடுத்துரைத்தேன்.

ஈற்றிலே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பின்கோடியிலே, வேலியோரமாக முள்ளுக்கம்பி அடைத்து, அதனுள்ளே கையுறையணிந்து கிழங்குகளை நட்டேன். எட்டு வயது மகளைக் கையிலே பிடித்து அவ்விடத்துக்கு அழைத்துச் சென்று, "பாக்கலாம், தொடக்கூடாது" என்று பாடஞ் சொன்னவர் அன்னையாரே.

கிழங்கின் கவர் நுனியிலேதான் முளை இருக்கும். ஒன்றினது முளைகளை நான் அறியாது ஒடித்துவிட்டேன், அது முளைக்கவேயில்லை. மற்றையது ஐப்பசி மழையோடு தலைகாட்டிற்று. ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு நீண்டு, பற்றுக்கம்பியாகிக் கதியாலைப் பிடித்து ஏறியது.

கார்த்திகையிலே முதற்பூ விரிந்தது. காலையும் மாலையும் நானும் மகளும் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துக் கொப்பியிலே குறித்துக்கொண்டோம். விரிந்த அன்று பச்சை கலந்த மஞ்சள். ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலெழுந்தன. பின்னர்ச் சிவப்பு மெல்லப் பரவிற்று. அடியும் நெளிந்த ஓரங்களும் சில நாள் வெளிர்மஞ்சளாகவே நின்றன. முடிவிலே பூ முழுவதும் சிவந்தது. மகளிர் விரலுக்குச் சங்கப் புலவர் இதனை உவமை கூறிய பொருத்தம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

பூ வாடியது, காய் தோன்றவில்லை. "ஏனப்பா காய்க்கேல்லை?" என்றாள் மகள். இப்பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு ஒருபக்கமாக மடங்கி நிற்பது. பூச்சி உதவாவிடிற் காய் அரிது. தமிழ்நாட்டிலே ஒட்டன்சத்திரம் முதலிய இடங்களில் விதைக்காக இதனைப் பயிரிடுவோர் காலைவேளையிற் கையாலே மகரந்தம் சேர்ப்பர். அவ்விதையிலிருந்து எடுக்கும் அதே கொல்ச்சிசின், மருத்துவர் அளந்து கொடுக்கும்போது ஊளைச்சதையுடையார்க்கன்று, கீல்வாதம் என்னும் மூட்டு நோயுடையார்க்கு மருந்தாகிறது. அடுத்த பூவுக்குத் தூரிகையால் மகரந்தம் சேர்த்தேன். சில நாளிலே பச்சைக்காய் நீண்டது.

குறிப்புக் கொப்பியோடு வகுப்புக்குச் சென்று, "பிறகுதான் சிவக்கிறது" என்று அம்மாணவனுக்கு விடை கூறினேன். அவன் தலைகுனிந்தான். "எங்கடை வேலியிலையும் நிண்டது, சேர். மதில் கட்டேக்கை வெட்டிப்போட்டினம். எனக்கு நினைவிருக்கிறது சரியோ எண்டு அறியத்தான் கேட்டனான்."

மாசியிலே கொடி பட்டபின் மண்ணைக் கிளறினேன். புதிய கிழங்கு இரு கவராக விளைந்திருந்தது. ஒரு கவரை முளை ஒடியாமற் பிரித்து, அவனுக்கென எடுத்துவைத்தேன். கொடுக்குமுன் நான் கேட்டது அன்னையாரின் கேள்வியேதான்: "தம்பி, வீட்டிலை சின்னப்பிள்ளையள் இருக்கினமோ?"