தனுஷ்கோடி: மணலிடை நிற்கும் சுவர்கள்

இராமேசுவரம் தீவு தென்கிழக்கே செல்லச் செல்லக் குறுகி, ஊசிமுனை போலக் கடலுக்குள் முடிகின்றது. அம்முனைக்கு அரிச்சல்முனை என்று பெயர். அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. முனைக்குச் சற்று முன்னதாக, இருமருங்கும் கடல் சூழ்ந்த மணற்பரப்பில் தனுஷ்கோடி கிடக்கின்றது. தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் நீரிணை. அலையெறிந்து ஆர்ப்பரிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும், அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும் மீனவர் அழைப்பர்.

2017-இல் முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதற்குமுன் மணலிலும் சேற்றிலும் உருண்டு குலுங்கும் வாடகை வண்டிகளே கதி. இப்போது பேருந்தே போகின்றது. வந்திறங்குவோர் பலர் கடலைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் திரும்பிவிடுகின்றனர். வழியில் நிற்கும் சுவர்களை அவர்கள் நின்று பார்த்தால் நன்று.

அச்சுவர்களுள் ஒன்று நம் ஆலயத்தினுடையது. கடலிலிருந்து எடுத்த பவளப் பாறைகளை அடுக்கிக் கட்டியது. கூரை இல்லை, பீடம் இருந்த இடத்தில் மணல் மேடிட்டிருக்கின்றது. கல்லின் துளைகளில் விரலை வைத்தால் மாவு போல் உதிர்கின்றது. சற்றுத் தள்ளி இரயில் நிலையத்தின் எச்சம். 1914 முதல் சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் பயணிகளைக் கொணர்ந்து இங்கே இறக்கியது; கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் இரயிலில் அவர்கள் கொழும்பு சேர்ந்தனர். தபால் நிலையம், சுங்கச்சாவடி, பள்ளி, பயணிகள் தங்கும் விடுதிகள் என எல்லாம் அமைந்த துறைமுகப் பட்டினம் இது என்றால், இன்று காண்பவர் எளிதில் நம்பார்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அந்தமானுக்குத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஐந்து பாகை அளவிலேயே அது தோன்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். காற்றைச் சுழலச் செய்வது பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அவ்விசை மிகவும் குறைந்துவிடும். ஆகையால் அவ்வளவு தெற்கே பெரும்புயல் பிறப்பது அரிது. 19-ஆம் நாள் கடும்புயலாக வலுத்தது. 21-க்குப் பின் ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கு நோக்கி, நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வரை விரைந்தது. 22-ஆம் நாள் இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் இருக்கலாம் என்று பிற்பாடு மதிப்பிட்டனர்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாட்கள் இருந்தன.

காற்றைவிட நீரே மிகுதியாகக் கொன்றது. 2004-இல் நாம் கண்ட ஆழிப்பேரலையோடு இதனைச் சிலர் குழப்பிக்கொள்கின்றனர். அது கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது. இதுவோ, புயற்காற்று ஆழமற்ற கடலின் நீரைக் கரைமேல் தள்ளிக் குவித்ததால் விளைந்தது. ஏழு மீட்டர் உயரத்துக்கு எழுந்த நீர், ஒரு பனையின் பாதி உயரங்கூட மேடில்லாத இந்நிலத்தில் எங்கே தடைபடும்? ஒரு கடல் மறு கடலோடு கலந்துவிட்டது. ஓடி ஏறவும் மேடில்லை.

அவ்விரவு பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பயணி வண்டி தனுஷ்கோடி நோக்கி வந்துகொண்டிருந்தது. ஊரை நெருங்குகையில் கைகாட்டி விளக்கு எரியவில்லை. சிறிது நேரம் காத்திருந்த ஓட்டுநர், ஊதல் ஒலித்துக்கொண்டே இருளில் வண்டியைச் செலுத்தினார் என்பர். பேரலை வண்டியை அப்படியே கொண்டுபோயிற்று. பயணிகள் 110 பேர், ஊழியர் ஐவர் என்பது கணக்கு. சீட்டின்றி ஏறியோரும் இருந்திருக்கக்கூடும் என்பதால் எண்ணிக்கை இன்னும் மிகுதி என்பாரும் உளர். புயலால் மாண்டோர் மொத்தம் 1,800-க்குக் குறையார். பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126-இன் தூலங்கள் கடலில் வீழ்ந்தன. நடுவேயிருந்த தூக்குப்பகுதி மட்டும் தப்பியது. வீழ்ந்த இரும்பைக் கடலடியிலிருந்து எடுத்து மறுபடி பொருத்தி, பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் மூன்று மாதங்களுக்குள் பாலத்தைச் செப்பனிட்டனர். அந்தப் பழைய பாலமும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டது; 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

பாலம் திரும்ப எழுந்தது. தனுஷ்கோடிக்கு இரயில் திரும்பவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற ஊர் என அரசு அறிவித்தது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்படலாயிற்று. 1980-களில் இலங்கைப் போரினால் அதுவும் நின்றது.

எனினும் மீனவர் திரும்பி வந்தனர். இதனைப் பிடிவாதம் என்று கூறுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. தென்மேற்குக் காற்று வீசுகையில் ஆண்கடல் சீறும். அப்போது வடபுறம் வலையிடுவர். வாடைக்காற்றில் பெண்கடல் பொங்கும். அப்போது தென்புறம் வருவர். சில நூறு அடி நடந்தால் மறு கடல் கிடைக்கும் இத்தகைய இடம் வேறெங்கே? மேட்டு நிலத்தில் வீடு கொடுத்துவிட்டு வலையை எங்கே விரிக்கச் சொல்வது? அன்றில்லாத வசதிகள் இன்று சில உண்டு. செயற்கைக்கோள் புயலைப் பல நாட்களுக்கு முன்பே காட்டுகின்றது. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய செய்தி கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றது. ஓடுவதற்குச் சாலையும் இருக்கின்றது. ஆனால் அச்சாலை ஒன்றே. அதன் இருபுறமும் கடல்.

ஓலைக் குடிசைகளின் அருகே பெண்கள் மணலில் குழி பறித்து நீர் எடுக்கின்றனர். மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரைவிட இலேசானதால் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். ஆகவே இரண்டு மூன்று அடியோடு நிறுத்தி, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக முகந்து குடத்தை நிரப்புகின்றனர். கடல் இருபது முப்பது அடி தூரத்தில்தான் இருந்தது. ஒரு மூதாட்டி எனக்கும் ஒரு சிரட்டை நீர் கொடுத்தார். இனிப்பாகவே இருந்தது.