இரு குழல், ஒரு குறி

இரட்டைக் குழல் வேட்டை ரைஃபிளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு குழல்களும் இணைகோடுகளாக ஓடுவதுபோலத் தெரியும். உண்மையில் வாய்ப்பக்கம் போகப்போக அவை ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. வலது குழலைச் சுட்டால், குண்டு வெளியேறி முடிப்பதற்குள்ளேயே துப்பாக்கி மேலேயும் வலப்பக்கமும் உதைத்துத் திரும்பிவிடும். இடது குழலைச் சுட்டால் இடப்பக்கம் திரும்பும். இந்த உதைப்புக்கு ஈடாகக் குழல்களை உள்பக்கம் சாய்த்துப் பொருத்தினால்தான் இரண்டு குண்டுகளும் ஒரே இடத்தில் போய்ப் படும். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை ஒரு மனிதர் சுட்டுச் சுட்டுத்தான் கண்டுபிடிக்கிறார். அப்படி ஒருவரைப் பார்ப்பதற்காக ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் ஊருக்குப் போயிருந்தேன்.

ஏற்பாடு செய்தவர் பக்கத்திலுள்ள ஃபில்லாக் நகரில் சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர். சங்கரன்கோவில்காரர். “அண்ணே, பட்டறைன்னா நீங்க விடமாட்டீங்களே. இங்க ஒரு ஊரே துப்பாக்கிப் பட்டறைதான், கிளம்பி வாங்க” என்று கூப்பிட்டார்.

கிளாகன்ஃபுர்ட்டிலிருந்து தெற்கே டிராவ் ஆற்றைக் கடந்தால் ஃபெர்லாக். ஊருக்குப் பின்னால் காரவாங்கென் மலைத்தொடர். அதைத் தாண்டினால் ஸ்லோவேனியா. மலையில் விறகும் சம்மட்டியை ஓட்ட ஓடைத் தண்ணீரும் இருந்ததால் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கே துப்பாக்கி செய்கிறார்கள். ஹப்ஸ்பர்க் படைகளுக்கு இந்தச் சின்ன ஊரிலிருந்துதான் துப்பாக்கிகள் குவியல் குவியலாகப் போயின. படைத் துப்பாக்கியைப் பெரிய ஆலைகள் எடுத்துக்கொண்ட பிறகு ஊர் வேட்டைத் துப்பாக்கிக்கு மாறியது. 1878இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்பள்ளி இன்றும் நடக்கிறது.

பட்டறையில் பல வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பூட்டின் மேல் மான், காட்டுப்பன்றி உருவங்களைச் செதுக்கும் மேசையை எல்லோரும் காட்ட விரும்பினார்கள். அழகான வேலைதான். என் கண் அங்கே நிற்கவில்லை. வால்நட் கட்டையில் இரும்பைப் பொருத்தும் மேசையில் கொஞ்ச நேரம் நின்றேன். இரும்பின் மேல் விளக்குக்கரியைப் பூசிக் கட்டையின் குழிவில் வைத்து எடுக்கிறார்கள். கரி ஒட்டிய இடம் முட்டும் இடம். அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி சீவல். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் குழலைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மரம் மழைக்காலத்தில் ஒரு குறியும் வெயில்காலத்தில் ஒரு குறியும் காட்டும். அதனால் ஒற்றைக் குழல் ரைஃபிளில் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். குழலின் வாய் விளிம்பையும் நகத்தால் தடவிப் பார்க்கிறார்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே மெல்லிய வடு இருந்தாலும் குறி விலகும்.

நான் தேடி வந்தவர் பின்கட்டில், சுடுகூடத்தை ஒட்டிய அறையில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். தாத்தா வீட்டிலேயே குழல் அராவியவராம். வீட்டில் ஸ்லோவேனிய மொழி, பள்ளியில் ஜெர்மன். பதினைந்து வயதில் பட்டறைக்கு வந்து முதல் வருஷம் முழுக்க அரத்தை மட்டுமே பிடித்திருக்கிறார். சதுரமான இரும்பைச் சதுரமாகவே அராவத் தெரிந்த பிறகுதான் குழலைத் தொடவிட்டார்கள்.

அவர் என் உள்ளங்கையில் வைத்தது ஒரு ஆப்பு. நகத்தளவு எஃகுத் துண்டு, ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. தீ பட்டுப் பட்டு நீலம் பாரித்திருந்தது. ஓரத்தில் வெள்ளீயம் உருண்டு உறைந்திருந்தது. இரண்டு குழல்களின் வாய்க்கும் நடுவே இதைச் செருகி வெள்ளீயத்தால் பற்றவைக்கிறார்கள். பிறகு சுடுகூடம். வலது குழலில் ஒன்று, இடது குழலில் ஒன்று. அட்டையில் வலது குண்டு வலப்பக்கமும் இடது குண்டு இடப்பக்கமும் விலகி நின்றால் குழல்வாய்கள் இன்னும் நெருங்க வேண்டும்: தீயைக் காட்டி ஈயத்தை இளக்கி ஆப்பைச் சற்று வெளியே இழுக்கிறார். வலது குண்டு இடப்பக்கமும் இடது குண்டு வலப்பக்கமும் போய்விட்டால் ஆப்பைச் சிறு சுத்தியலால் உள்ளே தட்டுகிறார். அந்தத் தட்டு எனக்குக் கேட்டதே தவிர, ஆப்பு நகர்ந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. அட்டையில் தெரிந்தது. பிறகு குழல் ஆறும்வரை காத்திருப்பு. சூடான குழல் வேறு இடத்தில் சுடும். அவசரப்பட்டால் அன்றைய வேலை முழுதும் பொய்யாகிவிடும்.

இரும்புத் தாங்கியில் இறுகக் கட்டிவிட்டுச் சுட்டால் இன்னும் துல்லியமாக இருக்காதா என்று கேட்டேன். நண்பர் மொழிபெயர்த்தார்: “இரும்புல கட்டிச் சுட்டா இரும்புக்குத்தான் குறி சரியா வரும், தோள்ல வச்சுச் சுடறவனுக்கு வராதுங்கறார்ணே.” துப்பாக்கி எப்படித் துள்ள வேண்டுமோ அப்படித் துள்ளவிட்டுத்தான் குறியைச் சரிசெய்ய முடியும். அதனால் ஒவ்வொரு உதையையும் அவர் தோள் வாங்குகிறது.

இப்படிச் சேர்த்த குறி ஒரே வகைத் தோட்டாவுக்குத்தான் செல்லும். குண்டின் எடையோ வேகமோ மாறினால் கணக்கு மாறும். இதற்குப் பழைய உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. பிரிட்டிஷ் காலத்து கார்டைட் வெடிமருந்து சூட்டில் அதிக அழுத்தம் கொடுத்தது. இங்கிலாந்தின் குளிரில் குறி பார்த்த துப்பாக்கி இந்திய வெயிலில் தடுமாறியது. அதனால் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டா செய்தார்கள்.

எனக்கு வேட்டையில் விருப்பம் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்தவன். ஆனாலும் வேட்டை நடக்கும் நாட்டில், குறி சரியாக இருப்பது விலங்குக்குச் செய்யும் குறைந்தபட்ச நீதி என்று நினைக்கிறேன். ஜிம் கார்பெட் 1907இல் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிச் சூட்டில் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் திரும்பியது என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவன் தவறவிட்ட குறிக்கு அத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன. இரண்டாவது குழலும் முதல் குழல் பார்க்கும் இடத்தையே பார்க்க வேண்டும் என்று ஒருவர் நாள்முழுதும் ஆப்பைத் தட்டுவது இந்தக் காரணத்தால்தான் எனக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது.

அந்த வேலைக்கு என்ன கிடைக்கிறது? கையால் செய்த இரட்டைக் குழல் ரைஃபிள் பல பத்தாயிரம் யூரோவுக்கு விற்கிறது. நடுவில் நிற்கும் விற்பனையாளர் செதுக்கலைக் காட்டி விலை சொல்கிறார், மரத்தின் வரியைக் காட்டி விலை சொல்கிறார். குறியைக் காட்டி விலை சொல்வதில்லை. குறி சரியாக இருக்கும் என்பது அவருக்கு இலவசமாகக் கிடைத்த உத்தரவாதம். துப்பாக்கி முழுதாகத் தயாராகி விற்ற பிறகே பட்டறைக்குப் பணம் வருகிறது. இரும்பு விலை ஏறினாலும் ஆர்டர் ரத்தானாலும் நட்டம் பட்டறையின் தலையில். பெயரும் அப்படியே: குழலின் மேல் கடைக்காரரின் பெயர் பொன் எழுத்தில் மின்னுகிறது. பெரியவர் முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடியைக் காட்டினார். அனுமதித்த உச்ச அளவைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதித்ததற்கான அரசு முத்திரை; அதன் பக்கத்தில் எறும்பளவுக்கு இரண்டு எழுத்து. அவருடைய பெயரின் முதலெழுத்துகள். வாங்கியவர் ஒருநாளும் பார்க்காத இடம்.

அவரிடம் இப்போது இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறவர் ஒரே ஒரு பெண். நன்றாகச் சுடுகிறார், பொறுமை இருக்கிறது என்று பெரியவர் சொன்னார். ஆலையில் கணினி இயந்திரம் ஓட்டினால் மாதச் சம்பளம் நிச்சயம் என்பதும் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பாரம்பரியம் என்ற பாராட்டு அவரை இங்கே நிறுத்திவைக்காது. துப்பாக்கியோடு கொடுக்கும் இலக்கு அட்டையில் குறி பார்த்தவரின் முழுப் பெயர் இருக்க வேண்டும். ரசீதில் அந்த வேலைக்குத் தனி வரியும் தனித் தொகையும் இருக்க வேண்டும். அந்தத் தொகை துப்பாக்கி பட்டறையைவிட்டுப் போகும் நாளிலேயே கைக்கு வர வேண்டும். பல பத்தாயிரம் யூரோ கொடுக்கிறவருக்கு இது பாரமே இல்லை. வாங்குகிறவர்கள் கேட்டால் விற்கிறவர்கள் செய்வார்கள். கேட்க வேண்டும்.