சிப்காட் மாடியிலிருந்து செந்நிலா

சந்திர கிரகணம் பார்க்க ஏலகிரிக்கோ காவலூருக்கோ போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துவிடுவேன். இருட்டான மலை வேண்டியது மங்கலான விண்மீன் கூட்டங்களுக்கு. முழுநிலாவைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் விளக்குகளும் ரோலிங் மில் புகையும் மறைத்துவிட முடியாது. நேரே கண்ணில் அடிக்கும் விளக்கு இல்லாத மொட்டைமாடி ஒன்று கிடைத்தால் போதும்.

தொலைநோக்கி வைத்து ஊராருக்குக் காட்டுகிறவனுக்கு 2025 செப்டம்பர் 7 போன்ற இரவு அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை. 9.57-க்குக் கருநிழல் தொட்டது, 11.01 முதல் 82 நிமிடம் முழுக் கிரகணம், அதுவும் உச்சி வானத்துக்குச் சற்றுத் தெற்கே. 2022 நவம்பர் 8 அன்று சந்திரன் நமக்கு உதிப்பதற்கு முன்பே முழுக் கட்டம் முடிந்துவிட்டது. 2018 ஜூலையில் 103 நிமிடம் நீடித்தது என்றாலும், முழுக் கட்டம் தொடங்கவே நள்ளிரவு ஒரு மணி ஆகிவிட்டது. குழந்தைகள் தூங்கிப்போகிற நேரம்.

நிழல் முதலில் எங்கே விழும் என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. ஐரோப்பாவில் எடுத்த படத்தில் அது இடப்பக்கம் தொடங்கியிருக்கும். நம் ஊரில் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும் நிலாவில் கீழ் விளிம்புதான் முதலில் மங்கும். தொலைநோக்கியில் கிரிமால்டி என்ற கரும்பள்ளம் முதலில் மூழ்கும், டைக்கோ வெகுநேரம் கழித்து. நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதாக இராது. பூமியின் காற்றுமண்டலம் அதைக் கலைத்து, கணக்கைவிடச் சுமார் 2 விழுக்காடு பெரிதாக்கியும் விடுகிறது.

முழுக் கட்டத்துக்குச் சற்று முன்பு பைனாகுலரைக் கையில் கொடுப்பேன். சிவப்புக்கும் கடைசி வெள்ளைக் கீற்றுக்கும் நடுவே மெல்லிய நீலப்பட்டை தெரியும். ஓசோன் அடுக்கின் வழியே சிவப்பு உறிஞ்சப்பட்டு வந்த ஒளி அது. பெரிய தொலைநோக்கியைவிடப் பைனாகுலரில்தான் அழகு. இதைக் காட்டாமல் யாரையும் மாடியிலிருந்து இறங்க விடுவதில்லை.

அடுத்து நிறம். பூமியின் விளிம்பெங்கும் அந்த நேரத்து உதயமும் அஸ்தமனமும் காற்றில் வளைந்து நிலாவில் விழுகின்றன. நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பு மிஞ்சுகிறது. ஆந்திரே தான்ழோன் வகுத்த 0 முதல் 4 வரையிலான அளவுகோலில் அதைக் குறிக்க வேண்டும், வெறும் கண்ணால். செல்போன் படத்தை நம்பக் கூடாது, அது சிவப்பைக் கூட்டிக் காட்டும். 1991-இல் பினாடுபோ எரிமலை வெடித்த பின், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா ஏறக்குறைய காணாமலே போனது. நம் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்பதை நிலா சொல்லிவிடும். இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்த ரோலிங் மில் தம்பி ஒருவர் பார்த்த உடனே சொன்னார்: “இரும்பு பில்லட் ஆறும்போது இந்தக் கலர்தாண்ணே வரும்.” அதைவிடச் சரியான குறிப்பை நான் எழுதியதில்லை.

கேள்விகளும் வரும். “சாப்பிடலாமாண்ணே?” “சாப்பிடுங்க தம்பி.” “மாசமா இருக்கிற பொண்ணு பார்க்கலாமாண்ணே?” “தாராளமா பாரும்மா, கண்ணுக்கோ குழந்தைக்கோ ஒண்ணும் ஆகாது.” உணவில் தர்ப்பை போட்டுவிட்டு மேலே வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை, கண்ணைத் தொலைநோக்கியில் வைக்கச் சொல்வேன். சூரிய கிரகணம் கண்ணைக் கெடுக்கும், சந்திர கிரகணம் கெடுக்காது. இந்த ஒரு வேறுபாட்டைப் பள்ளியில் அழுத்தமாகச் சொல்லித்தந்தாலே பாதி பயம் போய்விடும்.

முழுக் கட்டத்தில் மேகம் வந்தால் பாயைச் சுருட்டாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் காட்சியில் மேகம் விலக அவகாசம் உண்டு.

நம் ஊரில் முழுக் கட்டம் தெரியப்போகும் அடுத்த கிரகணம் 2028 டிசம்பர் 31, அதுவும் ஞாயிறு. இரவு 9.46 முதல் 10.57 வரை முழுக் கிரகணம். வடகிழக்குப் பருவமழை ஓய்கிற மார்கழி. புத்தாண்டுக்காக ஊரே விழித்திருக்கும். பட்டாசுக்கு முன் குழந்தைகளை மாடிக்கு அழைத்து வாருங்கள்.