அறுபதில் ஒரு பங்கு

நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் யூத சபையில், நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. பிக்கூர் ஹோலிம் என்று இந்தப் பணியைச் சொல்வோம். நிர்வாகக் கூட்டத்தில் கல்விக்கு ஒரு குழு, உறுப்பினர் நலனுக்கு ஒரு குழு, இரண்டுக்கும் தனித்தனி நிதி என்று பிரித்திருக்கிறார்கள். கணக்கு எழுத அது வசதி. வேலை அப்படிப் பிரிந்து நடப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை நான் தயார் செய்வது வகுப்பறையில், எங்கள் பழைய சட்ட விவாத நூலான தல்மூத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.

எங்கள் வகுப்பு சத்தமாக இருக்கும். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒரே பக்கத்தை வாய்விட்டுப் படித்து, வரிக்கு வரி வாதாடுவார்கள். இந்த ஜோடிப் படிப்புக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் படிப்பது நெதாரிம் பகுதியின் 39, 40 ஆம் தாள்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர் அந்த நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துப் போகிறார் என்று அங்கே வருகிறது. உடனே ஒரு கேள்வி: அப்படியானால் அறுபது பேரை அனுப்பி ஆளை எழுப்பிவிடலாமே? அதற்குப் பதில், ஒவ்வொருவரும் எடுப்பது அப்போது மிச்சமிருப்பதில் அறுபதில் ஒரு பங்குதான் என்பது.

மதப் பொறுப்பை ஏற்கும் சடங்குகளான பார் மிட்ஸ்வாவுக்கும் பாட் மிட்ஸ்வாவுக்கும் தயாராகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கையில் கால்குலேட்டரைக் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன். அறுபது பேர் வந்து போன பிறகும் நோயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்கும். “ஜீரோ வரவே வராதா?” என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். வராது. அந்தப் பதிலோடு முதியோர் இல்லத்துக்குப் போகிற பிள்ளை, கட்டிலில் இருப்பவரிடம் “சீக்கிரம் சரியாயிடும் தாத்தா” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடப் பார்ப்பதில்லை. தன்னால் ஆகக்கூடியது கொஞ்சம்தான் என்று அதற்குத் தெரியும். அந்தக் கொஞ்சத்தைச் செய்ய உட்கார்ந்திருக்கும்.

அதே இடத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. பார்க்க வருகிறவர் நோயாளிக்கு ஒத்தவராக இருக்க வேண்டும். ஒரே ராசிக்காரர் என்று சிலரும் ஒரே வயதுக்காரர் என்று சிலரும் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். எனக்கு இது ஆள் பொருத்தும் விதி. மார்பகப் புற்றுநோய் என்று அன்றுதான் தெரியவந்த பெண்ணிடம், அந்தச் சிகிச்சையைத் தாண்டி வந்த இன்னொரு பெண்ணை அனுப்புவேன். சபையின் குருவான ரப்பி போவது அதற்குப் பிறகு.

அதே தாள்களில் வரும் ரப்பி அகீவா என்ற பழைய அறிஞரின் கதையில்தான் வகுப்பு அதிக நேரம் நிற்கும். நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன். அவருடைய மாணவர் ஒருவர் நோயில் கிடக்கிறார். அறிஞர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அகீவா போகிறார். அறையைப் பெருக்கி, தரையில் தண்ணீர் தெளிக்க வைக்கிறார். மாணவர் பிழைத்துக்கொள்கிறார், உயிர் தந்தது நீங்கள்தான் என்கிறார். அகீவா அங்கே என்ன பேசினார் என்று கதை சொல்லவே இல்லை. என்ன பேசுவது என்ற பயத்தோடு பயிற்சிக்கு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கையில் நான் கொடுப்பது இந்தத் துடைப்பத்தைத்தான். அறைக்குள் போனதும் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் கைக்கு எட்டுகிறதா? கண்ணாடி எங்கே இருக்கிறது? போன் சார்ஜர் கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடக்கிறதா? நின்றுகொண்டு பேச வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள்.

ஓய்வுநாளான ஷபாத் காலையில் வேத நூலான தோராவை வாசிக்கும்போது, நோயுற்றவர்களின் பெயரைத் தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்லி வேண்டிக்கொள்வோம். அந்தப் பட்டியலும் என் கையில். பெயர் சேர்க்குமுன் சம்பந்தப்பட்டவரையே கேட்க வேண்டும் என்பதில் நான் கறார். பிள்ளைகள் பாசத்தில் தந்துவிடுவார்கள். அம்மாவுக்கோ ஊருக்குத் தெரிவதில் விருப்பம் இருக்காது.

கடினமான பாடம் இதற்குப் பிறகுதான் வரும். யோசேப் காரோ தொகுத்து 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் ஆருக் என்ற சட்ட நூல், சிலரை நேரில் போய்ப் பார்க்கவே கூடாது என்கிறது: வயிற்று நோய்க்காரர், கண் நோய்க்காரர், தலை நோய்க்காரர், பேச்சே பாரமாகிவிட்டவர். அதற்காக அவர்களை விட்டுவிடவும் அது சொல்லவில்லை. வெளி அறை வரை போ, பெருக்கித் தெளிக்க ஆள் வேண்டுமா என்று விசாரி, அவர்கள் படும் பாட்டைக் காது கொடுத்துக் கேள், அவர்களுக்காக வேண்டிக்கொள் என்கிறது.

மனச்சோர்வில் கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டலை நான் படித்ததில்லை. சபைகளில் இப்போது யோகா, தியானம், நலவாழ்வுப் பட்டறை எல்லாம் நடத்துகிறார்கள். வருகிறவர்களுக்கு அவை நல்லதுதான். கதவைச் சாத்தியவர் வரமாட்டாரே! அவர் கடைசியாக விட்டது எங்கள் வாராந்தர வகுப்பாகத்தான் இருக்கும். அவர் வரவில்லை என்று முதலில் கவனிப்பது பக்கத்தில் உட்கார்ந்து படித்த ஜோடி. அதனால்தான் ஜோடியில் ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் மற்றவர் எனக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சூப்பை வாசலில் வைத்துவிட்டு வா, “வச்சிருக்கேன், பதில் போட வேண்டாம்” என்று ஒரு செய்தி அனுப்பு, வீட்டில் இருப்பவரிடம் என்ன தேவை என்று கேள். வெளி அறை என்பது இன்றைக்கு இதுதான். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை நேராகவே கேட்டுத் தெரிந்துகொள், தனியாக விடாதே, 988-ஐக் கூப்பிடு. 2022 ஜூலை முதல் அமெரிக்கா முழுவதும் அந்த மூன்று இலக்க உதவி எண் இருக்கிறது. வகுப்பில் எல்லாரையும் அதைப் போனில் பதிந்துகொள்ளச் சொல்கிறேன்.

சுக்கோத் பண்டிகை முடிந்ததும் புதிய பயிற்சி தொடங்கும். அதற்கு இந்த முறை நலக்குழுவின் நிதியைக் கேட்காமல் கல்விக் குழுவின் நிதியைக் கேட்டிருக்கிறேன்.